கைம்மை கடந்த கல்வி

நுழையும்முன்

பிறர் துயரைக் கண்டு இரங்குவது மனித இயல்பு. அத்துயரின் வேரைக் கண்டறிந்து, அதை நீக்கும் நிறுவனங்களை உருவாக்குவதோ அரிய ஆற்றல். உணவளிப்பது ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். கல்வியளிப்பது ஒரு தலைமுறையின் பசியைத் தீர்க்கும். இவ்வேறுபாட்டை உணர்ந்து, சிறுவயதிலேயே கணவரை இழந்த பெண்களைக் கல்வியின் துணையால் தம் காலில் நிற்கச் செய்தவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரும் அத்தகைய ஒரு பெண்ணே. தமக்கு நேர்ந்த இழப்பை மற்றவர்களுக்கான வழியாக மாற்றிய அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் விளக்குகிறது.

கைம்மை என்னும் சுமை

தமிழ்ச் சமூகத்தில் கணவரை இழந்த பெண்கள் ஏற்ற கடுமையான நோன்பைப் பற்றிச் சங்க இலக்கியமே பேசுகிறது. பூதப்பாண்டியனின் தேவியாகிய பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்றுப் பாடல், நெய்யில்லாத எளிய உணவையும் பாயில்லாத படுக்கையையும் கைம்பெண்ணின் வாழ்வாகக் காட்டுகிறது. இந்நிலை காலந்தோறும் வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் உயர்சாதி எனக் கருதப்பட்ட குடும்பங்களில் அது குழந்தை மணம் என்னும் வழக்கத்தோடு சேர்ந்தபோது, கொடுமை பன்மடங்காயிற்று.

பத்து வயதும் நிரம்பாத சிறுமிக்குத் திருமணம் நடைபெறும். பருவமெய்தும் வரை அவள் பெற்றோர் வீட்டிலேயே வாழ்வாள். இதற்கிடையில் கணவன் நோயுற்று இறந்தால், அவனுடைய முகத்தைக்கூட நன்கு அறியாத அச்சிறுமி வாழ்நாள் முழுவதும் கைம்பெண்ணாகக் கருதப்படுவாள். பல குடும்பங்களில் அவளுடைய தலைமுடி மழிக்கப்பட்டது; வண்ண ஆடைகளும் அணிகலன்களும் விலக்கப்பட்டன; உணவு ஒரு வேளையாகச் சுருக்கப்பட்டது. திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சிகளில் அவள் முன்னே வருவது தீய நிமித்தம் எனக் கருதினர். வீட்டின் ஓயாத வேலைகள் மட்டும் அவளுக்கு உரியவையாக இருந்தன.

கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்வதற்குச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே இடமளித்தது. ஆயினும், சட்டம் திறந்த கதவைச் சமூகம் மூடியே வைத்திருந்தது. மறுமணம் செய்துகொண்ட குடும்பங்கள் சாதியிலிருந்து விலக்கப்பட்டன. கணவரின் சொத்தில் கைம்பெண்ணுக்கு வரையறுக்கப்பட்ட உரிமையை வழங்கிய சட்டம் 1937ஆம் ஆண்டில்தான் வந்தது. எனவே, கணவரை இழந்த பெண் உணவுக்கும் உடைக்கும் உறைவிடத்துக்கும் பிறரைச் சார்ந்தே வாழ வேண்டியிருந்தது. அவளுடைய துயரம் வெறும் சடங்குகளால் ஆனது அன்று. பொருளாதாரச் சார்பும் அதன் அடித்தளமாக இருந்தது. இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்ததே சுப்புலட்சுமியின் பணிக்குத் தொடக்கமாக அமைந்தது.

இளமையும் இழப்பும்

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயர் – விசாலாட்சி இணையரின் மூத்த மகளாகப் பிறந்தார். அவர்களுடைய குடும்பம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைச் சேர்ந்தது. தந்தையார் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். மரபுவழி ஒழுகலாறுகளில் பற்றுடைய குடும்பமாயினும், பெண் குழந்தைக்கு எழுத்தறிவு வேண்டும் என்னும் எண்ணம் அக்குடும்பத்தில் இருந்தது. ஒன்பது வயதில், நான்காம் வகுப்புக்கான பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார் சுப்புலட்சுமி.

அக்கால வழக்கப்படி, ஏறத்தாழ 11 வயதில் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. விரைவிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்நாளில் ஒரு பெண்ணின் வாழ்க்கை அத்துடன் முடிந்துவிட்டதாகவே ஊரார் கருதுவர். ஆனால், சுப்புலட்சுமியின் பெற்றோர் வேறொரு முடிவை எடுத்தனர். மகளின் தலைமுடியை மழிக்க அவர்கள் இசையவில்லை. மாறாக, அவருடைய கையில் நூல்களைக் கொடுத்தனர். தந்தையார் வீட்டிலேயே பாடம் கற்பித்தார். உறவினரும் ஊராரும் பழித்தபோதும் அம்முடிவில் அவர்கள் தளரவில்லை. மகளுக்காகச் சமூகத்தின் சினத்தைத் தாங்கிய அப்பெற்றோரின் துணிவு இல்லையெனில், பின்னாளில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வாழ்வளித்த பணி தொடங்கியே இருக்காது.

அவ்வீட்டில் மற்றொரு கைம்பெண்ணும் வாழ்ந்தார். அவர் சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள். இளமையிலேயே கணவரை இழந்த அவர், தம் அக்காள் மகளைத் தம் மகளாகவே பேணினார். பிற்காலத்தில் சுப்புலட்சுமி நடத்திய இல்லத்தின் அடுக்களையையும் அன்றாட நிர்வாகத்தையும் ஏற்று, அங்கிருந்த சிறுமியர் அனைவருக்கும் ‘சித்தி’யாக விளங்கியவர் அவரே.

கல்லூரிக்குச் சென்ற கைம்பெண்

வீட்டுக்கல்விக்குப் பின் சுப்புலட்சுமி கிறித்தவத் துறவியர் நடத்திய கன்னிமாடப் பள்ளியில் பயின்றார். தமக்கென எதையும் நாடாமல், பிறருடைய குழந்தைகளுக்குக் கல்வியளிப்பதையே வாழ்வாகக் கொண்ட அத்துறவியரின் ஈடுபாடு அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம் சமயத்தையும் மரபையும் விட்டு விலகாமலே, அவர்களைப் போல் தம் வாழ்வைப் பொதுப்பணிக்கு ஒப்படைக்க அவர் உறுதி கொண்டார். பின்னாளில் மக்கள் அவரைச் ‘சகோதரி’ என்னும் அடைமொழியுடன் அழைத்தது இதற்குப் பொருத்தமாக அமைந்தது.

பின்னர் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கைம்பெண் ஒருவர் நாள்தோறும் தெருவில் நடந்து கல்லூரிக்குச் செல்வதைப் பலரால் ஏற்க இயலவில்லை. வழியில் ஏளனச் சொற்களை அவர் எதிர்கொண்டார். சாதியிலிருந்து விலக்கிவிடுவதாக அச்சுறுத்தினர். வகுப்பிலும் அவர் தனிமைப்படுத்தப்பட்டார். இவற்றுக்கெல்லாம் அவர் சொல்லால் மறுமொழி கூறவில்லை. 1911ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்றுச் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் என்னும் சிறப்பை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 25கூட நிரம்பவில்லை.

நான்கு சிறுமியருடன் தொடக்கம்

பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, அதைத் தம் உயர்வுக்கான படியாக மட்டும் கருதவில்லை. தமக்குக் கிடைத்த பெற்றோரைப் போன்ற பெற்றோர் எல்லாச் சிறுமியர்க்கும் வாய்க்கவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். எழும்பூரில் தம் குடும்பம் வாழ்ந்த வீட்டிலேயே நான்கு இளங்கைம்பெண்களைத் தங்கவைத்துக் கல்வி புகட்டத் தொடங்கினார். சித்தியும் பெற்றோரும் உடனிருந்தனர். வீடே பள்ளியாயிற்று, குடும்பமே அறநிலையமாயிற்று.

இந்தியாவின் பிற பகுதிகளில் இத்தகைய முயற்சிகள் முன்பே தொடங்கியிருந்தன. பண்டித ரமாபாய் 1889ஆம் ஆண்டு மும்பையில் சாரதா சதனைத் தோற்றுவித்தார். தோண்டோ கேசவ் கார்வே 1896ஆம் ஆண்டு புனேவில் கைம்பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார். ஆந்திரப் பகுதியில் கந்துகூரி வீரேசலிங்கம் கைம்பெண் மறுமணத்துக்காகப் போராடினார். தமிழகத்தில் கைம்பெண் ஒருவரே முன்னின்று, கைம்பெண்களின் கல்வியை ஓர் இயக்கமாக வளர்த்த பெருமை சுப்புலட்சுமியைச் சாரும்.

அவருடைய முயற்சிக்குப் பெருந்துணையாக அமைந்தவர், பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராகப் பணியாற்றிய கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அயர்லாந்துப் பெண்மணி. அக்காலத்தில் அரசு பெண்கள் பள்ளிகளைத் திறக்க முன்வந்தபோதும், அவற்றில் கற்பிக்கப் பெண் ஆசிரியர் கிடைக்கவில்லை. ஆண் ஆசிரியரிடம் தம் பெண்களை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். எனவே, சிறுமியர் பலர் தொடக்க வகுப்புகளோடு கல்வியை நிறுத்திக்கொண்டனர். கணவருடன் வாழும் பெண்கள் வேலைக்குச் செல்வதை அக்காலக் குடும்பங்கள் ஒப்பவில்லை.

இவ்விடத்தில்தான் இரண்டு சிக்கல்கள் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன. ஒருபுறம், கற்பிப்பதற்கு ஆளின்றிக் கிடந்த பெண்கள் பள்ளிகள். மறுபுறம், செய்வதற்கு ஏற்ற பணியும் வாழ்வதற்கு ஏற்ற வருவாயும் இன்றி வீட்டின் மூலையில் முடங்கிக் கிடந்த இளங்கைம்பெண்கள். கைம்பெண்களை ஆசிரியர்களாக உருவாக்கினால், அவர்களும் வாழ்வர், பள்ளிகளும் தழைக்கும். எவராலும் வேண்டப்படாதவர் எனக் கருதப்பட்ட ஒருத்தி, ஊருக்கே வேண்டியவள் ஆவாள். இத்திட்டத்தின் பயனை உணர்ந்த அரசு, 1912ஆம் ஆண்டில் கைம்பெண்களுக்கான விடுதிக்கு ஆதரவளித்தது. திருவல்லிக்கேணியில் ஒரு வாடகை வீட்டில் அது இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் சுப்புலட்சுமி சாரதா மகளிர் சங்கத்தையும் தோற்றுவித்தார். பெண்கள் ஒன்றுகூடிப் பொதுச் செய்திகளை அறிந்துகொள்ளவும், கல்விப்பணிக்கு ஆதரவு திரட்டவும் அச்சங்கம் களமாயிற்று.

கடற்கரையில் ஒரு கல்விக்கூடம்

விடுதியில் சேர்ந்த சிறுமியரின் எண்ணிக்கை பெருகியது. அகன்ற இடம் தேவைப்பட்டது. சென்னைக் கடற்கரைச் சாலையில் வட்ட வடிவ முகப்புடன் நின்ற ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் கட்டடத்துக்கு 1915ஆம் ஆண்டளவில் விடுதி இடம்பெயர்ந்தது. அங்கே கடற்காற்றும் வெளிச்சமும் நிறைந்திருந்தன. இருண்ட அறைகளிலிருந்து வந்த சிறுமியர் அங்கே படித்தனர், பாடினர், விளையாடினர். குழந்தைப் பருவத்தில் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட குழந்தைமையை அவ்வில்லம் மீட்டுக் கொடுத்தது.

தெரிந்து தெளிவோம்

சென்னை ஐஸ் ஹவுஸ் 1842ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடரின் நிறுவனம், அங்குள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டிகளை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே சேமித்து விற்றது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின் அவ்வணிகம் நலிந்தது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அக்கட்டடத்தை வாங்கினார். மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கே தங்கி உரையாற்றினார். அதன் நினைவாக இன்று அது விவேகானந்தர் இல்லம் என வழங்கப்படுகிறது.

நம்பிக்கையைப் பெற்ற வழி

அறப்பணியில் பொருள் திரட்டுவதைவிடக் கடினமானது மக்களின் நம்பிக்கையைப் பெறுவது. விடுதிக்கு இடம் கிடைத்தது. அரசின் உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால், தம் வீட்டுக் கைம்பெண்ணை வெளியிடத்தில் தங்கிப் படிக்க அனுப்பக் குடும்பத்தினர் இசைய வேண்டுமே! ‘குலப்பெருமை கெடும்’ என்றும் ‘ஆசாரம் அழியும்’ என்றும் அவர்கள் அஞ்சினர். இத்தயக்கத்தைப் போக்கச் சுப்புலட்சுமி ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார். இல்லத்தின் உணவு, வழிபாடு, அன்றாட ஒழுங்கு ஆகியவற்றை அக்குடும்பங்களின் மரபுப்படியே அமைத்தார். அவரும் அம்மரபுக்கு உட்பட்டே எளிமையாக வாழ்ந்தார். மறுமணத்தை இல்லத்தின் நோக்கமாக அவர் அறிவிக்கவில்லை. கல்வியும் தன்னிறைவுமே நோக்கம் என்றார்.

இவ்வழியால் அவர் இருபுறமும் தாக்கப்பட்டார். பழமை போற்றியவர்கள், கைம்பெண்களைப் படிக்கவைத்து ஊரைக் கெடுப்பவராக அவரைக் கண்டனர். சீர்திருத்தம் வேண்டியவர்கள், பழமைக்கு மிகுதியாக இடங்கொடுப்பவராக அவரைக் கண்டனர். இல்லம் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஒடுக்கப்பட்ட பிற பிரிவுப் பெண்களின் துயரத்துக்கு அதில் இடமில்லை என்னும் குறை நியாயமானதே. அவ்வில்லத்தைப் பற்றி எழுதும்போது இவ்வரம்பை மறைத்தல் கூடாது.

எனினும், அவருடைய தேர்வின் காரணத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு சிறுமியின் விடுதலை, அவளை அடைத்து வைத்திருந்தவர்களின் இசைவைப் பொறுத்திருந்தது. அவர்களோடு வெளிப்படையாகப் போரிட்டிருந்தால், கதவு திறந்திருக்காது. உள்ளே இருந்த சிறுமி உள்ளேயே இருந்திருப்பாள். சுப்புலட்சுமி கதவைத் தட்டினார்; திறக்கும்வரை காத்திருந்தார். வெளியே வந்த பெண் கல்வி பெற்று, ஊதியம் ஈட்டி, தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் நிலைக்கு உயர்ந்தபின், பழைய கட்டுப்பாடுகள் தாமே வலுவிழந்தன. முழக்கமின்றி நிகழ்ந்த மாற்றம் அது. விரைவா, நிலைத்த பயனா என்னும் வினா எக்காலத்துச் சமூகப் பணியாளர் முன்னும் நிற்பது. அவ்வினாவுக்குச் சுப்புலட்சுமி தம் காலத்தில் கண்ட விடை இது.

நிறுவனங்களின் தாய்

1922ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைச் சாலையில் சீமாட்டி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராகச் சுப்புலட்சுமி பொறுப்பேற்றார். ஐஸ் ஹவுஸ் விடுதியைப் போலன்றி, இக்கல்லூரி எல்லாப் பிரிவுப் பெண்களுக்கும் உரியதாக அமைந்தது. பயிற்சி பெறுவோர் கற்பித்துப் பழகுவதற்கான பள்ளியும் அதனோடு இணைந்திருந்தது. இங்கிருந்து வெளியேறிய ஆசிரியைகள் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் சென்று பெண்கள் பள்ளிகளில் பணியாற்றினர். ஒருவர் ஏற்றிய விளக்கிலிருந்து பல விளக்குகள் சுடர்ந்தன.

அரசு விடுதியின் விதிகள் 18 வயதைக் கடந்த கைம்பெண்களைச் சேர்த்துக்கொள்ள இடமளிக்கவில்லை. கல்வியின் அருமையைக் காலங்கடந்து உணர்ந்த பெண்கள் எங்கே செல்வர்? விதியைச் சுட்டிக்காட்டி அவர்களைத் திருப்பியனுப்பச் சுப்புலட்சுமிக்கு மனம் வரவில்லை. விதியை மீறவும் அவர் விரும்பவில்லை. சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் 1927ஆம் ஆண்டு சாரதா வித்யாலயம் என்னும் உறைவிடப் பள்ளியைத் தோற்றுவித்து, வயதுவந்த பெண்களுக்கு அங்கே இடமளித்தார். அரசின் கை எட்டாத இடத்தில் சங்கத்தின் கை நீண்டது. அரசின் பொருள்வலிமையையும் தன்னார்வ அமைப்பின் நெகிழ்வையும் இணைத்துப் பயன்படுத்திய அவருடைய நிர்வாகத் திறன் இதனால் விளங்கும்.

அறநிறுவனங்களைத் தொடங்குவோர் பலர். தாம் இல்லாதபோதும் அவை நிலைக்க வழிசெய்வோர் சிலரே. 1938ஆம் ஆண்டு சாரதா வித்யாலயத்தின் பொறுப்பு இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் கையால் வளர்த்த நிறுவனத்தைத் தம் உடைமையாகக் கருதாமல், அதன் வளர்ச்சிக்கு உரியவரிடம் வழங்குவதற்கும் பற்றற்ற உள்ளம் வேண்டும். அப்பள்ளி இன்றும் சென்னை தியாகராய நகரில் கல்விப்பணி ஆற்றிவருகிறது.

வேரை நோக்கிய போராட்டம்

இல்லங்கள் எத்தனை தொடங்கினாலும், குழந்தை மணம் தொடரும்வரை புதிய குழந்தைக் கைம்பெண்கள் தோன்றிக்கொண்டே இருப்பர். ஓட்டையுள்ள குடத்தில் நீரை நிரப்புவதை ஒத்தது அப்பணி. எனவே, துயருற்றவர்க்கு உதவுவதோடு, துயரம் தோன்றும் இடத்தையும் அடைக்க வேண்டும் என்பதைச் சுப்புலட்சுமி உணர்ந்தார்.

1917ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோர் அதில் முன்னின்றனர். சுப்புலட்சுமி அரசுப் பணியாளராக இருந்தமையால், அச்சங்கத்தில் முறைப்படி உறுப்பினராவதற்கு அரசு தடை விதித்தது. ஆயினும் அவர் குழந்தை மண ஒழிப்பு, பெண்கல்வி ஆகியவற்றுக்காக நடைபெற்ற கூட்டங்களில் பங்கேற்றார். அனைத்திந்திய மகளிர் மாநாட்டிலும் உரையாற்றினார்.

திருமண வயது குறித்து ஆராய 1928ஆம் ஆண்டில் அரசு ஜோஷி குழுவை அமைத்தது. அக்குழு நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று கருத்துகளைக் கேட்டறிந்தது. சுப்புலட்சுமி அக்குழுவின் முன் சான்றளித்தார். பிறர் கருத்தளவில் விவாதித்த ஒரு கொடுமையை அவர் வாழ்ந்தே அறிந்தவர். அதற்கு இரையான சிறுமியரை நாள்தோறும் பேணியவர். ஆதலால், அவருடைய சொல்லுக்குத் தனி வலிமை இருந்தது. ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929ஆம் ஆண்டு நிறைவேறி, 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் திருமண வயது 14 என்றும் ஆணின் திருமண வயது 18 என்றும் அது வரையறுத்தது. 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவை முறையே 18, 21 என உயர்த்தப்பட்டன. 2006ஆம் ஆண்டில் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் மேலும் வலுவான வடிவில் இயற்றப்பட்டது. இன்று ஒரு மாணவி தடையின்றிப் பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்து படிப்பதற்குப் பின்னே, இத்தகையோரின் நெடிய உழைப்பு இருக்கிறது.

ஓய்வறியாப் பணி

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் சுப்புலட்சுமியின் பொதுப்பணி ஓயவில்லை. 1942ஆம் ஆண்டு வயதுவந்த பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினராகப் பணியாற்றினார். இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1954ஆம் ஆண்டு தாம்பரத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான சமூகநல மையம் அமைவதற்குத் துணைநின்றார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் தலைவராக இருந்து, 1956ஆம் ஆண்டு பள்ளி ஒன்று தோன்ற வழிவகுத்தார். அதுவே பின்னர் வித்யா மந்திர் எனப் பெயர் பெற்றது. பள்ளி தொடங்கிய அவ்வாண்டில் அவருக்கு வயது 70.

அவருடைய பணியைப் பாராட்டி ஆங்கிலேய அரசு 1920ஆம் ஆண்டு கெய்சர்–இ–ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கியது. விடுதலை பெற்ற இந்தியா 1958ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. இங்கிலாந்து எழுத்தாளர் மோனிகா ஃபெல்டன் அவருடைய வாழ்க்கையைக் குழந்தைக் கைம்பெண் ஒருத்தியின் கதையாக ஆங்கிலத்தில் எழுதி, 1966ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, சுப்புலட்சுமி தமது 83ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் காட்டும் நெறி

சகோதரி சுப்புலட்சுமியின் பணியிலிருந்து சில நெறிகள் புலனாகின்றன. முதலாவது, உதவி பெறுபவரை என்றும் உதவி பெறுபவராகவே வைத்திருப்பது அறமன்று. அவர் பிறருக்கு உதவும் நிலையை அடையச் செய்வதே அறத்தின் நிறைவு. ஐஸ் ஹவுஸில் மாணவியாக நுழைந்த சிறுமி, ஆசிரியையாக வெளியேறினாள் என்பது இதற்குச் சான்று. இரண்டாவது, நல்லெண்ணம் மட்டும் போதாது. அதைத் தாங்கும் திட்டம் வேண்டும். ஆசிரியைகளுக்கான தேவையையும் கைம்பெண்களின் தேவையையும் அவர் ஒரே திட்டத்தில் இணைத்தார். மூன்றாவது, தனிமனிதரின் ஈகை அவருடைய வாழ்நாளோடு முடியும். நிறுவனமாக அமைந்த ஈகை அவருக்குப் பின்னும் வாழும்.

நான்காவது நெறி இவற்றினும் நுட்பமானது. துன்புற்றவர் சிலர், தம் துன்பத்தால் உலகை வெறுப்பர். சிலர், அதை மறந்து ஒதுங்குவர். சுப்புலட்சுமியோ, தம்மைப் போன்றவர்களைக் கண்டறிவதற்குத் தம் துன்பத்தையே விளக்காக ஏந்தினார். சமூகம் அமங்கலம் என்று ஒதுக்கிய ஒருவரின் கையால் எத்தனையோ மங்கல விளக்குகள் ஏற்றப்பட்டன. சென்னைக் கடற்கரைச் சாலையில் அடுத்தடுத்து நிற்கும் ஐஸ் ஹவுஸும் சீமாட்டி வெலிங்டன் கல்வி நிறுவனமும் அவ்வரலாற்றின் அழியாச் சான்றுகளாகத் திகழ்கின்றன.